எடைமேடைச் சன்னல்

நாளைக்கு ஆறு நடை.
ஆறு தடவை அந்தக் கை
என் சன்னலுக்குள் நீளும்.
முகத்தைவிடக் கைதான் எனக்குப் பழக்கம்:
செம்பனை முள் தைத்த கறுப்புப் புள்ளிகள்,
கட்டைவிரலில் டீசல்,
மணிக்கட்டுக்கு மேலே அன்று
புதிதாய் இரண்டு பல்தடம்.

"என்னண்ணே இது?"
"குட்டி நாய்ம்மா. லாரிக்கடியில படுத்திருந்துச்சு.
தூக்கினேன், பல்லு பட்டிருச்சு."
மேலே கோப்பித்தூள் அப்பியிருந்தார்.
லயத்துப் பிள்ளைகள் குட்டிக்கு வைத்த பேரும்
கோப்பிதான் என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
பதினொரு டன், முந்நூற்று நாற்பது கிலோ.
அடுத்த லாரி.

நாலு நாளில் குட்டி செத்துப்போனது.
பெரிய கால்வாய்ப் பக்கம் புதைத்தார்களாம்.
அதுவும் யாரோ பேச்சுவாக்கில் சொன்னது.

தீபாவளி வந்தது, போனது.
மழை ஏழாம் பிளாக் பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது.
புண் இரண்டு வெள்ளைப் புள்ளியாய்ச் சுருங்கியது.
ஆறிய புண்ணை யார் நினைப்பார்கள்?

முதலில் மாறியது கையெழுத்து.
சன்னாசி என்ற பேரின் கடைசிக் கொக்கி
தாளைத் தாண்டி மேசையில் ஓடியது.
பேனாவை வைத்துவிட்டு மணிக்கட்டைச் சொறிந்தார்.
அடுத்த நடையிலும் சொறிந்தார்.
"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா.
பாத்தா ஒண்ணுமில்ல."
தோல்மேல் ஒன்றுமில்லைதான்.

மறுநாள் காய்ச்சல், தலைவலி.
அந்த வாரம் யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை?
இரண்டு பனடோல் கொடுத்தேன்.
அந்த இரண்டையும்
இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

தூக்கம் வரவில்லை என்றார்.
சும்மா சும்மா பயமாக இருக்கிறது என்றார்,
இருபத்திரண்டு வருஷம் இருட்டில் மலைச்சாலை ஓட்டியவர்.
கடன்தொல்லை, என்றார் மண்டோர்.
ஆலைக்குள் ஒருவன் சொன்னான்,
காத்து கருப்பு.

காத்து என்பது மட்டும் சரி.

மூன்றாம் நாள், உச்சி வெயில்,
ஏர்கோன் செத்துப்போன லாரி,
இரண்டு பக்கமும் கண்ணாடி ஏற்றியிருந்தது.
உள்ளே வேர்வையில் நனைந்து
கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார்.
"காத்து பட்டா தொண்டையப் பிடிக்குதும்மா."
அந்த நேரம் என் மேசை விசிறி
அவர் பக்கம் திரும்பியது.
நீண்ட கை
சூடு பட்டதுபோல் பின்வாங்கியது.

பொட்டலம் கட்டிய கோப்பி ஒன்று வைத்திருந்தேன்.
ஆசையாகத்தான் வாங்கினார்.
உதட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போதே
தொண்டை தானாக இறுகி ஏறியதை
நான் பார்த்தேன்.
எச்சிலைத் துண்டில் துடைத்தார்.
"தாகமாத்தான் இருக்கு," என்றார்,
மன்னிப்புக் கேட்பவர் மாதிரி.
"குடிக்க முடியல."

என் சன்னல் கண்ணாடியில் ஒரு வெடிப்பு.
அதை மறைக்க யாரோ ஒட்டிய அரசாங்கத் தாள்.
எழுத்து வெளிப்பக்கம்.
இரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்தது
அதன் முதுகு மட்டும்.
அன்றுதான் வெளியே போய் வாசித்தேன்.
ஒரு நாயின் படம், மலாயில் சில வரி:
கடித்தால், கீறினால்,
சோப்பும் ஓடுகிற தண்ணீரும், கால் மணி நேரம்.
அன்றைக்கே கிளினிக். ஊசி.
அறிகுறிக்குக் காத்திருக்காதே.
வெயிலில் வெளுத்துப்போயிருந்தது
கடைசி வரிதான்.

கூலிம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹஸ்லினா
விரல்விட்டு வாரங்களை எண்ணினார்.
ஒன்பதில் நின்றார்.
பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்,
"அந்தக் குட்டியை வேறு யாரெல்லாம் தூக்கினார்கள்?"

எடை ரசீதின் பின்பக்கம் எழுதினேன்.
தவசீலன், முழங்கையில் கீறல்.
பாக் ரஸ்மான், வாயில் நுரையோடு கிடந்ததைப் புதைத்தவர்.
யோகிதா, வயது ஆறு, உதட்டை நக்கியதாம்.
ஒருவருக்கும் இன்னும் எதுவும் ஊரவில்லை.
வேன் பிடித்து எல்லாரையும் கொண்டுபோனோம்.

சன்னாசி அண்ணனுக்கு இருட்டறை கொடுத்தார்கள்,
விசிறி இல்லாத அறை.
ஐந்து நாள்.

இப்போதெல்லாம் சன்னலுக்குள் வருகிற கையை
எடை சொல்லுமுன் திருப்பிப் பார்க்கிறேன்.
சில டிரைவர்கள் திட்டுகிறார்கள்.

போன வாரம் யோகிதா வந்தாள்.
எல்லா ஊசியும் முடிந்ததாம், கையைக் காட்டினாள்.
பிறகு என் போத்தலை எடுத்து
அண்ணாந்து,
மடக் மடக்கென்று
முழுத் தண்ணீரையும் குடித்தாள்.
பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடித்தது.
அவள் தொண்டையையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.